கைரோபிராக்டிக்: முதுகில் 'டக்' என்று கேட்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

யூடியூபில் கைரோபிராக்டிக் வீடியோக்களைப் பார்க்காதவர்கள் குறைவு. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்து வைத்தியம் செய்கிற முறை அது, செய்பவர் கைரோபிராக்டர். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் அவர் முதுகில் கையை வைத்து ஒரே அழுத்து அழுத்துவார். மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பிடித்த 'டக டக' சத்தம் கேட்கும். படுத்திருந்தவர் எழுந்து சிரிப்பார். கீழே கமென்ட்டில் பாதிப் பேர் "இந்த கிளினிக் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள், மீதிப் பேர் "பார்க்கவே பயமாக இருக்கிறது" என்பார்கள். ஆனால் இரு தரப்பும் நம்புவது ஒன்றைத்தான்: ஏதோ ஓர் எலும்பு விலகியிருந்தது, அதை உள்ளே தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள், அந்தச் சத்தம்தான் அதற்குச் சாட்சி.

உண்மையில் எலும்பு விலகியிருக்கவும் இல்லை, உள்ளே போய் உட்காரவும் இல்லை. ஆனாலும் பலருக்கு வலி குறைகிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால், எதற்காக கைரோபிராக்டரிடம் போகலாம், எதற்காகப் போகக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்று ஓர் ஊர். அங்கே காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் டி.டி. பால்மர். 1845-இல் கனடாவின் ஒன்டாரியோவில், பிக்கரிங் பகுதியில் பிறந்தவர். (ஸ்கார்பரோ, அஜாக்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு அது பக்கத்து ஊர்தான்.) அவருடைய அலுவலகம் இருந்த கட்டடத்தைச் சுத்தம் செய்து பராமரித்தவர் ஹார்வி லில்லார்ட். அவருக்கு 17 வருடங்களாகக் காது சரியாகக் கேட்கவில்லை. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ 'சடக்' என்றது, அதிலிருந்துதான் இப்படி என்று அவர் சொல்ல, பால்மர் முதுகைத் தடவிப் பார்த்து, புடைத்திருந்த ஓர் இடத்தை அழுத்தினாராம். காது கேட்க ஆரம்பித்ததாம். இது 1895 செப்டம்பர் 18-ஆம் தேதி என்று சொல்லி, அதையே கைரோபிராக்டிக் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு. அப்பா ஒரு ஜோக் சொல்ல, பால்மர் சிரித்துக்கொண்டே கையிலிருந்த கனமான புத்தகத்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான் என்றார் அவர்.

எது நடந்திருந்தாலும், காது கேட்பதற்கான நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அது மூளையிலிருந்து நேராகக் காதுக்குப் போகிற நரம்பு. பால்மருக்கு அதெல்லாம் தடையாக இல்லை. 95 சதவீத நோய்களுக்கும் விலகிய முதுகெலும்புகள்தான் காரணம் என்று எழுதிவைத்தார். எலும்பு விலகினால் நரம்பு நசுங்கும், நரம்பு நசுங்கினால் உடம்பு நோய்ப்படும், எலும்பைச் சரிசெய்தால் நோய் போய்விடும் என்பதுதான் அவர் கணக்கு. அந்த 'விலகலுக்கு' இந்தத் துறையில் சப்லக்ஸேஷன் என்று பெயர்.

1897-இல் பள்ளி தொடங்கினார். 1906-இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காகச் சிறைக்கும் போனார். மகன் பி.ஜே. பால்மர் வியாபார மூளை உள்ளவர், தொழிலை வளர்த்தது அவர்தான். 1913-இல் கான்சஸ் மாநிலம் இந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடைசி மாநிலமான லூசியானா வருவதற்கு 1974 ஆகிவிட்டது. இடையில் அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களை ஒதுக்கிவைத்தது. தன் உறுப்பினர்கள் அவர்களோடு தொழில்ரீதியாகப் பழகுவதையே தடுத்தது. ஐந்து கைரோபிராக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 1987-இல், அந்தப் புறக்கணிப்பு, தொழில் போட்டியைத் தடுக்கக் கூடாது என்கிற சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு புறக்கணிப்பைப் பற்றியது மட்டுமே. சிகிச்சை பலிக்கிறது என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்ததாக இன்றும் சிலர் விளம்பரம் செய்வது சரியல்ல.

இன்று இந்தத் தொழிலுக்குள்ளேயே இரண்டு வகையினர் இருக்கிறார்கள். பால்மர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆஸ்துமாவிலிருந்து குழந்தையின் வயிற்று வலி வரைக்கும் முதுகெலும்பில் மருந்து தேடுகிறவர்கள் ஒரு பக்கம். முதுகு, கழுத்து, மூட்டு வலியை மட்டும் பார்த்து, உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, தன் எல்லையைத் தாண்டிய நோயாளியை டாக்டரிடம் அனுப்பிவைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிற பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே, சப்லக்ஸேஷன்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று 2010-இல் அறிவித்துவிட்டது. கிளினிக் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் நம் முதல் வேலை.

உள்ளே போனால் என்ன செய்வார்கள்?

நல்ல கைரோபிராக்டர் எடுத்த எடுப்பில் கை வைக்க மாட்டார். முதல் சந்திப்பில் பாதி நேரம் கேள்விகளிலேயே போகும். வலி எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, காலுக்கு இறங்குகிறதா, இருமினால் மின்சாரம் பாய்வது மாதிரி இருக்கிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைந்திருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, எலும்பு அடர்த்தி குறைவு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்பார்.

அப்புறம் பரிசோதனை. குனியச் சொல்வார், நிமிரச் சொல்வார், பக்கவாட்டில் சாயச் சொல்வார். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மட்டும் மெதுவாகத் தூக்குவார். பாதி தூரத்திலேயே முழங்காலுக்குக் கீழே வரைக்கும் சுரீரென்று இழுத்தால், நரம்பு வேர் எங்கோ அழுந்துகிறது என்று சந்தேகப்படலாம். ஊரில் 'ஜவ்வு விலகிவிட்டது' என்று சொல்வோமே, அந்த வகை. சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரிலும் தட்டிப் பார்ப்பார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்திப் பலம் பார்ப்பார். கடைசியாக முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டி, எந்த இடம் இறுகியிருக்கிறது, எந்த மூட்டு பக்கத்து மூட்டு அளவுக்கு அசையவில்லை என்று தேடுவார்.

எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்கிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்க கைரோபிராக்டர்களின் சங்கமே 2017-இல், ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத புது முதுகு வலிக்கு முதல் 6 வாரத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோர் முதுகைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவர் முதுகிலும் தெரியும். அதைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம்.

சிகிச்சை மேஜையே தனி வகை. தலை வைக்கும் இடத்தில் முகம் புதைய ஒரு பிளவு இருக்கும், அதன் மேல் ஆளுக்கொரு காகிதத்தாள் மாற்றுவார்கள். கீழ் முதுகுக்குப் பெரும்பாலும் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். கீழே இருக்கும் கால் நீட்டியிருக்கும், மேலே இருக்கும் கால் மடங்கியிருக்கும். கீழ்ப்பக்கக் கையைப் பிடித்து இழுத்து, மார்பை மேல் நோக்கித் திருப்புவார். இப்போது தோள் ஒரு பக்கமும் இடுப்பு மறு பக்கமுமாக உடம்பு முறுக்கி நிற்கும். அவர் மடக்கிய காலின் மேல் தன் உடம்பைச் சாய்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, "மூச்சை இழுங்கள்... விடுங்கள்" என்பார். மூச்சு வெளியேறி முடிகிற நேரத்தில், மூட்டு இதற்கு மேல் போகாது என்கிற எல்லையில் நிற்கும்போது, ஒரே தள்ளு. வேகம் அதிகம், தூரம் மிகக் குறைவு. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. பல சமயம் சத்தம் கேட்கும், சில சமயம் கேட்காது. சத்தம் வரவில்லை என்பதற்காகச் சிகிச்சை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

இந்த ஒரு முறைதான் என்றும் இல்லை. மேஜையின் ஒரு பகுதியைச் சற்றே உயர்த்தி வைத்து, அழுத்தும்போது அது 'தடால்' என்று கீழே இறங்கும்படி செய்வது ஒன்று. வயதானவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும் கைக்கு அடக்கமான ஒரு ஸ்பிரிங் கருவியால் 'டிக்' என்று தட்டுவது இன்னொன்று. டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு) பிரச்சினையில் கால் வலி இருப்பவர்களுக்கு, இரண்டாக மடங்கும் மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, கீழ்ப்பகுதியை மெதுவாக இறக்கி ஏற்றி முதுகை நீட்டுவார்கள். இதில் சத்தமே வராது, யூடியூபிலும் இதற்குப் பார்வையாளர்கள் கிடையாது. கூடவே தசையை நீவி விடுவது, வெந்நீர் ஒத்தடம், வீட்டில் செய்யப் பயிற்சி என்று சேர்த்துக் கொடுப்பார்கள்.

அந்தச் சத்தம்

முதுகெலும்பில் 33 எலும்புகள். அதில் மேலே இருக்கும் 24 மட்டும் தனித்தனியாக அசையும்: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு சின்ன மூட்டுகள். இந்தச் சின்ன மூட்டுகளைச் சுற்றி ஓர் உறை, உள்ளே வழவழப்பான திரவம். சத்தம் வருவது இங்கேதான்.

ஊசி மருந்து போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீரோடு பின்பக்கத்தை வேகமாக இழுத்துப் பாருங்கள், உள்ளே குமிழி வரும். மூட்டு சட்டென்று விரியும்போதும் அழுத்தம் குறைந்து, திரவத்துக்குள் அதே மாதிரி ஒரு குமிழி தோன்றுகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டை இழுத்து நெட்டி முறிப்பதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தே படம் பிடித்தார்கள். சத்தம் வரும் கணத்தில் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் உருவாவது தெரிந்தது. சத்தம் குமிழி தோன்றுவதால் வருகிறதா, உடைவதால் வருகிறதா என்ற வாக்குவாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. ஆனால் எலும்போடு எலும்பு உரசுகிற சத்தம் அல்ல, எலும்பு 'உட்காருகிற' சத்தமும் அல்ல என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு தடவை சத்தம் வந்த மூட்டில் மறுபடி வர ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். விரலில் நீங்களே செய்து பார்க்கலாம்.

நெட்டி முறித்தால் மூட்டு வாதம் வரும் என்று பாட்டி மிரட்டியிருப்பார். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் 60 வருடம் இடது கை விரல்களை மட்டும் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவைத்தார். இரண்டு கையிலும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2009-இல் அவருக்குக் கிடைத்தது.

எலும்பு நகர்கிறதா என்பதை இதைவிடக் கறாராகச் சோதித்திருக்கிறார்கள். 1998-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு அது. முதுகின் அடியில் திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு 'இடம் மாறியிருக்கிறது' என்று சொல்லப்பட்ட 10 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எலும்பில் நுண்ணிய உலோக உருண்டைகளைப் பதித்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். கையால் தடவிப் பார்த்தவர்கள், சிகிச்சைக்குப் பிறகு மூட்டு சரியாகிவிட்டது என்றார்கள். உருண்டைகளோ இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு வலி ஏன் குறைகிறது? அந்தச் சின்ன மூட்டுகளின் உறையிலும் சுற்றியிருக்கும் தசைகளிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் நிறைய உண்டு. திடீரென்று ஒரு வேகமான இழுப்பு வரும்போது அவை ஒரே சமயத்தில் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் களேபரத்தில் வலிச் செய்தி கொஞ்சம் அமுங்கிப்போகிறது, பயந்து இறுகியிருந்த தசை தளர்கிறது, கொஞ்ச நேரத்துக்கு அந்த இடத்தில் அழுத்தினால்கூட வலி குறைவாகத் தெரிகிறது. அசைக்கவே பயந்திருந்த முதுகை இன்னொருவர் அசைத்துக்காட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வருகிற தைரியமும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் நம் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, கை வைத்துப் பார்த்தார் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முதுகு வலிக்குத் தரப்படும் எந்தச் சிகிச்சையிலும் அது ஒரு பகுதிதான்.

எவ்வளவு பலன்?

பலன் உண்டு, ஆனால் வீடியோவில் காட்டுகிற அளவுக்கு இல்லை. 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு தொகுப்பு, புதிதாக வந்த கீழ் முதுகு வலியில் முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை பற்றிய 26 சோதனைகளை அலசியது. 100 அளவுள்ள வலிக்கோலில் சராசரியாக ஏறத்தாழ 10 குறைகிறது. வலி மாத்திரை தருகிற நிவாரணமும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருக்கும். 2018-இல் 750 அமெரிக்கப் படைவீரர்களை வைத்து நடத்திய சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு கைரோபிராக்டிக்கும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 6 வாரத்தில் வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. நாள்பட்ட முதுகு வலியில், உடற்பயிற்சியோ பிசியோதெரபியோ தருவதைவிட இது பெரிதாக ஒன்றும் கூடுதலாகத் தருவதில்லை.

அதனால்தான் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி, கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகத் தராதீர்கள், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் தாருங்கள் என்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சாதாரண முதுகுப் பிடிப்பு எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே சில வாரங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். மூன்றாவது வாரத்தில் யாரிடம் போயிருந்தாலும் அவருக்குக் கைராசி என்று பேர் வந்திருக்கும்.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், குழந்தை இரவில் அழுவது இதற்கெல்லாம் முதுகை அழுத்துவதில் பயன் இருப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. கைக்குழந்தை ஒன்றுக்குச் செய்த சிகிச்சையின் வீடியோ பரவி, 2019-இல் ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் வாரியம் 12 வயதுக்குக் குறைந்தவர்களின் முதுகெலும்பில் கை வைக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

எத்தனை தடவை போக வேண்டும்? வழக்கமாக வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சில வாரங்கள். நான்கு வாரத்தில் தெளிவான மாற்றம் இல்லை என்றால் வழியை மாற்ற வேண்டும். முதல் நாளே 40 தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி, வலி போனாலும் 'பராமரிப்புக்கு' ஆயுசுக்கும் வாருங்கள் என்று பேசினால், அது மருத்துவப் பேச்சு இல்லை, வியாபாரப் பேச்சு.

கழுத்து விஷயம் தனி

சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு ஒருநாள் இரண்டுநாள் உடம்பு வலி இருக்கும், அது தானாகப் போய்விடும். கீழ் முதுகில் பெரிய ஆபத்து மிக அரிது. கவலை கழுத்தில்தான். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் புகுந்து, உச்சியில் வளைந்து மண்டைக்குள் போகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தக்கட்டி உருவாகி, பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். காரணத்தைப் பிரித்தறிவதும் கடினம். தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியவருக்கு முதல் அறிகுறியே கழுத்து வலிதான், அந்த வலிக்காகவே அவர் கைரோபிராக்டரிடம் போயிருக்கலாம். ஒன்டாரியோவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்தப் பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரைப் பார்த்தவர்களைப் போலவே குடும்ப டாக்டரைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். இருந்தாலும் என் அபிப்பிராயம் இது: கழுத்து வலிக்கு மெதுவாக அசைக்கும் முறைகளும் பயிற்சியும் இருக்கும்போது, வேகமாகத் திருப்பும் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சலூனில் முடி வெட்டி முடித்ததும் இலவசமாகக் கழுத்தில் சொடக்கு எடுத்துவிடுவார்களே, அதையும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

யாரிடம் போவது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இது உரிமம் பெற்ற தொழில். கைரோபிராக்டர் எம்.டி. படித்த டாக்டர் அல்ல, ஆனால் நான்கு வருடத் தனிப் படிப்பு உண்டு. ஒன்டாரியோவில் அரசுக் காப்பீடு 2004 முதல் இதற்குப் பணம் தருவதில்லை, வேலையிடக் காப்பீட்டில் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதை அங்கீகரித்த பாரம்பரிய, துணை மருத்துவ முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ கவுன்சிலோ கிடையாது. வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்தவரும், வாரக் கடைசி வகுப்பில் கற்றுக்கொண்டவரும் ஒரே மாதிரி பலகை மாட்ட முடியும். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் சொன்ன குறைந்தபட்சப் பயிற்சி 4,200 மணி நேரம். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வர்மம், தொக்கணம், புத்தூர்க் கட்டு இவையெல்லாம் வேறு வேறு மரபுகள், ஒரே பலகையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தால் கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள்.

சில பேர் டாக்டரைக் கேட்காமல் இந்த மேஜையில் படுக்கவே கூடாது. எலும்பு மெலிந்தவர்கள், அண்மையில் விழுந்து அடிபட்டவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, முதுகெலும்பில் காசநோய். மாதக்கணக்கில் முதுகு வலி, சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் அது வாய்வுப் பிடிப்பும் இல்லை, எலும்பு விலகலும் இல்லை. அரித்துப்போன எலும்பை வேகமாகத் தள்ளினால் அது நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தலாம்.

முதுகு வலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடைகளின் உட்பகுதியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால்கள் பலம் இழந்துகொண்டே வந்தாலோ எந்த கிளினிக்கும் வேண்டாம், அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகு, அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ, முன்பு இல்லாத கடும் தலைவலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம் வந்தாலும் அவசரப் பிரிவுதான். அங்கே போனதும், கழுத்தைத் திருப்பிச் சிகிச்சை எடுத்தேன் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.